வெளியூர்க் குழந்தையை ஆட்டத்தில் சேர்ப்பது எப்படி? புதிய ஆசிரியர்களுக்கும் தன்னார்வலர்களுக்கும் ஒரு வழிகாட்டி

கடலூர் சிப்காட் பக்கம் வேலைக்கு வந்த பீகார், ஒடிசா குடும்பங்கள். புதுச்சேரியில் சேதராப்பட்டு, மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைகளையும் கட்டட வேலைகளையும் நம்பி வந்தவர்கள். பொங்கல் கழிந்ததும் செங்கல் சூளைகளில் வந்து இறங்கும் இருளர் பழங்குடிக் குடும்பங்கள். இவர்களுடைய பிள்ளைகள் நம் பள்ளிகளுக்கு வருகிறார்கள். ஜூன் மாதம் எல்லாரோடும் சேர்ந்து வருவதில்லை. நண்பர் கூட்டங்கள் அமைந்து, பெஞ்சில் யார் பக்கத்தில் யார் என்பது முடிவாகி, வகுப்பு ஓர் ஒழுங்குக்கு வந்த பிறகு நடுவில் வந்து சேருகிறார்கள்.

இடைவேளை மணி அடிக்கிறது. எல்லாரும் வெளியே ஓடுகிறார்கள். புதிதாக வந்த குழந்தை மட்டும் தண்ணீர்க் குழாயருகே நின்று, தாகம் இல்லாவிட்டாலும் மெதுவாகத் தண்ணீர் குடிக்கிறது. நீங்கள் போய், "இவனையும் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்று சொன்னால் இரண்டு நிமிடம் சேர்த்துக்கொள்வார்கள். மூன்றாவது நிமிடத்தில் அவன் மறுபடியும் குழாயடியில் நிற்பான். அந்த மூன்றாவது நிமிடத்துக்கு வேண்டியதைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விளையாட்டு தானாக யாரையும் சேர்த்துவிடாது. வகுப்பறையைவிட மைதானம் குழந்தைகளை இன்னும் கடுமையாக ஒதுக்கக்கூடிய இடம். எந்த விளையாட்டு என்பதைவிட, அணியை எப்படிப் பிரிக்கிறோம், அவுட் ஆனவரை என்ன செய்கிறோம், முறை எல்லாருக்கும் வருகிறதா என்ற மூன்றையும் பார்த்து ஏற்பாடு செய்தால் போதும். மீதியைப் பிள்ளைகளே பார்த்துக்கொள்வார்கள்.

மைதானத்துக்கு முன்பு

குழந்தையின் பெயர் வருகைப் பதிவேட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். "சும்மா வந்து உட்காரட்டும், பிறகு பார்க்கலாம்" என்று விடப்பட்ட குழந்தையை மற்றப் பிள்ளைகளும் சும்மா வந்தவனாகவே நடத்துவார்கள். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையுள்ள எல்லாக் குழந்தைகளுக்கும் பொருந்தும். வயதுச் சான்று இல்லை என்று சேர்க்கையை மறுக்கக் கூடாது. இதுவரை பள்ளிக்கே போகாத குழந்தையாக இருந்தாலும் வயதுக்கு ஏற்ற வகுப்பில் சேர்த்து, விட்டுப்போன பாடத்துக்குச் சிறப்புப் பயிற்சி தர வேண்டும். பத்து வயதுப் பையனை ஒன்றாம் வகுப்பில் உட்கார வைத்தால் எந்த விளையாட்டும் உதவாது. அவன் உயரமே அவனைக் காட்டிக்கொடுத்துவிடும்.

அடுத்தது பெயர். அழைத்து வந்த பெரியவரிடம் கேட்டு, நீங்கள் சரியாகச் சொல்லும் வரை திரும்பத் திரும்பச் சொல்லிப் பாருங்கள். வாய்க்கு வசதியாகச் சுருக்கிவிடாதீர்கள். "இந்திப் பையன்", "சூளைப் பிள்ளை" என்ற அடையாளங்கள் ஆசிரியர் அறையில்தான் முதலில் பிறக்கின்றன. அங்கிருந்து மைதானத்துக்குப் போக ஒரு நாள் போதும்.

தமிழ் பேசுவதாலேயே இருளர் பிள்ளைகளுக்குச் சிக்கல் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். ஒடிசாவில் இருந்து வந்த குழந்தைக்குக் கிடைக்கும் ஒதுக்கல் அவர்களுக்கும் கிடைக்கிறது. மொழியைக் காரணமாகச் சொல்ல முடியாததால் அது இன்னும் ஆழமாக வலிக்கும். கீழே சொல்லும் எல்லாமே அவர்களுக்கும் சேர்த்துத்தான்.

முதல் இரண்டு மூன்று நாள்: பாருங்கள்

உடனே கையைப் பிடித்து நடுவில் இழுத்துவிடாதீர்கள். குழந்தை இடைவேளையில் எங்கே நிற்கிறது, எந்த ஆட்டத்தைக் கண்கொட்டாமல் பார்க்கிறது, மண்ணில் கூழாங்கல் பொறுக்குகிறதா, தம்பி தங்கையை இடுப்பில் தூக்கி வருகிறதா என்று கவனியுங்கள். புதிய மொழிக்குள் வந்து விழுந்த குழந்தைகள் பல வாரங்கள், சில நேரம் மாதக்கணக்கில் வாய் திறக்காமல் இருப்பது இயல்பு. அந்த நாட்களில் அவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். மந்தம் என்று யாராவது சொன்னால் மறுத்துப் பேசுங்கள்.

காலில் செருப்பு இருக்கிறதா, உள்ளங்காலில் வெடிப்போ காயமோ இருக்கிறதா என்றும் பாருங்கள். கடலூர்ப் பக்கம் மார்ச் மாதம் பதினொரு மணிக்கே மண் சுடும். ஓடாமல் நிற்கும் குழந்தைக்கு விருப்பம் இல்லை என்று நாம் முடிவு கட்டிவிடுகிறோம். கால் சுடுகிறது என்று சொல்ல அதற்கு வார்த்தை இல்லாமல் இருக்கலாம்.

முதல் ஆட்டம்: வட்டம்

வட்டமாக உட்கார்ந்து ஆடும் ஆட்டத்தில் தொடங்குவதே நல்லது. வட்டத்தில் ஓரம் கிடையாது. கைதட்டல் ஆட்டம் எளிது. நீங்கள் ஒரு தாளம் தட்டுங்கள், அடுத்தவர் அதைத் திருப்பித் தட்டிவிட்டுத் தன்னுடையதைச் சேர்க்க வேண்டும். இதில் எந்த மொழியும் வேண்டாம்.

அதற்கு அடுத்த நாள் "குலை குலையாய் முந்திரிக்காய்" ஆடுங்கள். முந்திரி விளையும் பண்ருட்டிப் பக்கத்தில் இதைச் சொல்லித்தர வேண்டிய பிள்ளையே இல்லை. ஒருவர் துணியை மறைத்துக்கொண்டு சுற்றி ஓட வேண்டும், யார் முதுகுக்குப் பின்னால் போட்டாரோ அவர் எழுந்து துரத்த வேண்டும். இதே ஆட்டத்தைப் பீகார், உத்தரப்பிரதேசப் பிள்ளைகள் "கோடா ஜமால் ஷாஹி" என்று ஆடுவார்கள், வங்காளத்துப் பிள்ளைகளுக்கு இது "ருமால் சுரி". பாட்டு வேறு, ஓட்டம் ஒன்றே. பாட்டைத் தொடங்கி, நீங்கள் கைக்குட்டையை எடுத்த உடனே, இதுவரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்த குழந்தையின் முதுகு நிமிர்வதைப் பார்ப்பீர்கள். என்ன நடக்கப்போகிறது என்று அதற்கு ஏற்கெனவே தெரியும். அந்த வகுப்பில் முதல் தடவையாக, மற்றவர்களுக்குத் தெரிந்த ஒன்று அதற்கும் தெரிந்திருக்கிறது.

ஒரு விதி மட்டும் கூடுதலாகச் சேருங்கள்: துணி ஒரு தடவை விழுந்த இடத்தில் மறுபடியும் விழக்கூடாது. இந்த விதி இல்லாவிட்டால் நெருங்கிய நண்பர்கள் தங்களுக்குள்ளேயே போட்டுக்கொண்டு ஓடுவார்கள், புதிதாக வந்தவர் வட்டத்தில் இருந்தும் இல்லாதவராக இருப்பார். கோகோவிலும் இதே கதைதான். விரட்டுபவர் தனக்கு வேண்டியவருக்கே "கோ" கொடுப்பார். வரிசையில் உட்கார்ந்திருக்கும் எட்டுப் பேருக்கும் ஒரு தடவையாவது "கோ" வந்த பிறகுதான் யாருக்கும் இரண்டாவது "கோ" என்று சொல்லிவிடுங்கள். ஆட்டம் கொஞ்சம் மெதுவாகும், பரவாயில்லை. இன்னொன்று, கோகோவில் பேச வேண்டியதே அந்த ஒற்றை எழுத்துத்தான். வாய் திறக்காத குழந்தை முதலில் உரக்கச் சொல்லும் சொல்லாக அது அமைந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

அணி பிரித்தல்: இதில்தான் எல்லாம்

இரண்டு தலைவர்களை நிறுத்தி, "உனக்கு வேண்டியவரைக் கூப்பிடு" என்று சொல்லும் வழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள். கடைசி வரை கூப்பிடப்படாமல் நிற்கும் குழந்தை யார் என்று எல்லாருக்கும் தெரியும். தினமும் அதே குழந்தை. ஆட்டம் தொடங்கும் முன்பே அது தோற்றுவிட்டது.

நம் பாட்டன் பூட்டன் காலத்து வழி ஒன்று இருக்கிறது. உத்தி பிரித்தல். இரண்டு பேர் உத்தித் தலைவர்களாக நிற்பார்கள். மற்றவர்கள் கிட்டத்தட்டச் சமமான ஓட்டமும் பலமும் உள்ளவர்களாக ஜோடி சேர்ந்து, தோளில் கை போட்டுக்கொண்டு தள்ளிப்போய், காதோடு காதாகப் பேசி ஆளுக்கு ஒரு ரகசியப் பெயர் வைத்துக்கொள்வார்கள். திரும்பி வந்து, "உனக்கு முந்திரி வேண்டுமா, பலா வேண்டுமா?" என்று கேட்பார்கள். தலைவர் ஒன்றைச் சொன்னதும் அந்தப் பெயர்க்காரர் அந்தப் பக்கம் போவார், மற்றவர் இந்தப் பக்கம். யார் வரப்போகிறார் என்று தலைவருக்கும் தெரியாது. கடைசியாக நிற்பவர் என்று ஒருவரும் இல்லை.

வெளியூர்க் குழந்தைக்காகவே கண்டுபிடித்தது போன்ற முறை இது. அணி சேரும் முன்பே ஒரு ஜோடி கிடைக்கிறது. அந்த ஜோடியோடு ஒரு ரகசியமும் கிடைக்கிறது. மொழி தெரியாத குழந்தை எப்படிப் பெயர் வைக்கும் என்று கேட்பீர்கள். சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்குப் பெயருக்குப் பதில் பொருளைக் கொடுத்துவிடலாம். ஒருவர் மூடிய கைக்குள் வேப்பிலை, இன்னொருவர் கைக்குள் புங்க இலை. தலைவர் இலையின் பெயரைச் சொன்னதும் கை விரியும். மூன்றாம் வகுப்புக்கு மேல் அந்த உதவிகூடத் தேவைப்படுவதில்லை. ஒரு தடவை, முசாபர்பூர்ப் பக்கத்தில் இருந்து வந்த சிறுமியும் எங்கள் ஊர்ச் சிறுமியும் தோளில் கை போட்டபடி போய் நெடுநேரம் கிசுகிசுத்துவிட்டு வந்து நின்றார்கள். "பலாவா, லிச்சியா?" என்று கேட்டார்கள். தலைவனுக்கு லிச்சி என்றால் என்னவென்றே தெரியவில்லை. "அது என்ன?" என்று அவன் கேட்க, ஆட்டத்தை நிறுத்திவிட்டு அவள் அந்தப் பழத்தை மண்ணில் படம் வரைந்து காட்ட, மொத்தக் கூட்டமும் அவளைச் சுற்றிக் குனிந்துவிட்டது. அன்றைக்கு ஆட்டம் பாதிதான் நடந்தது. மறுநாள் மூன்று ஜோடிகள் தங்களுக்கு லிச்சிதான் வேண்டும் என்று சண்டை போட்டார்கள்.

ஜோடி சேர்ப்பதை மட்டும் முதலில் கொஞ்ச நாள் நீங்கள் கவனியுங்கள். வகுப்பில் நன்றாக ஓடுகிறவனோடு புதியவனைச் சேர்த்தால் உத்தி பொருளற்றுப்போகும். ஓட்டத்தில் சமமானவரோடு சேருங்கள். அடிக்கடி ஜோடியை மாற்றுங்கள். இல்லையென்றால் ஒரே ஒரு நல்ல பிள்ளையின் தலையில் "அவனைப் பார்த்துக்கொள்" என்ற சுமை ஏறிவிடும். அந்தப் பிள்ளையும் சலித்துப்போகும்.

விரட்டுபவர் யார் என்று முடிவு செய்ய "சாட் பூட் திரி" போதும். உள்ளங்கையா புறங்கையா என்று கையைக் கவிழ்த்து விரிப்பதற்கு எந்த மாநிலத்துப் பிள்ளைக்கும் விளக்கம் வேண்டாம்.

அவுட், ஒப்புக்குச் சப்பாணி, அழுகுணி

விதி தெரியாதவர்தான் முதலில் அவுட் ஆவார். அவுட் ஆனவர் ஆட்டம் முடியும் வரை ஓரத்தில் உட்கார வேண்டும் என்றால், புதிதாக வந்த குழந்தை பெரும்பாலான நேரம் ஓரத்தில்தான் இருக்கும். அதனால் வெளியேற்றும் ஆட்டங்களை மாற்றி அமையுங்கள். அவுட் ஆனவர் வேப்பமரத்தைத் தொட்டுவிட்டு வந்தால் மறுபடியும் சேரலாம், அல்லது எதிரணியில் சேர்ந்துவிடலாம். எதிரணியில் சேரும் முறை பிள்ளைகளுக்குப் பிடிக்கும். கடைசியில் எல்லாரும் ஒரே அணியாகிவிடுவார்கள்.

சின்னக் குழந்தைகளையும் புதியவர்களையும் ஒப்புக்குச் சப்பாணியாக வைத்துக்கொள்ளும் பழக்கம் நம் பிள்ளைகளிடம் உண்டு. ஆட்டத்தில் இருப்பார்கள், ஆனால் அவுட் கிடையாது, புள்ளியும் கிடையாது. இரக்கத்தில் பிறந்த வழக்கம்தான், ஒரு நாளுக்கு நல்லது. விதியைப் பார்த்துப் பழக அந்த ஒரு நாள் உதவும். அதற்கு மேல் நீட்டிக்க விடாதீர்கள். யாரும் பிடிக்க முயலாதபோது ஓடுவதில் எந்தக் குழந்தைக்கும் மகிழ்ச்சி இல்லை. முதல் தடவை நிஜமாகவே அவுட் ஆக்கப்படும்போது அந்தக் குழந்தை முகம் சுளிக்கலாம், அழவும் செய்யலாம். ஓடிப்போய்த் தேற்றாதீர்கள். அது ஆட்டத்துக்குள் வந்துவிட்டது.

தமிழில் முதலில் எதைக் கற்றுக்கொடுப்பது என்று கேட்டால், "வணக்கம்", "நன்றி" என்று சொல்ல மாட்டேன். "நான் அவுட் இல்லை", "இப்போது என் முறை", "இது அழுகுணி ஆட்டம்" ஆகிய மூன்றையும் கற்றுக்கொடுங்கள். தனக்காக வாதாடத் தெரியாத குழந்தையை எந்த ஆட்டத்திலும் எளிதாக ஏமாற்றலாம், ஏமாற்றுவார்கள். கூடவே ஓடு, நில், பிடி, உட்கார். இவ்வளவுதான், மீதியை மைதானமே கற்றுக்கொடுக்கும். கற்றல் ஒரு பக்கம் மட்டும் நடக்கக் கூடாது. அந்தக் குழந்தையின் மொழியில் ஒன்றிலிருந்து பத்து வரை எண்ணத் தமிழ்ப் பிள்ளைகளும் பழகட்டும். கண்ணாமூச்சியில் ஒரு நாள் தமிழில் எண்ணினால் ஒரு நாள் ஒடியாவில் எண்ணலாம்.

அவர்கள் ஊர் ஆட்டத்தை அவர்களே நடத்தட்டும்

இரண்டாம் வாரம் இதைச் செய்யுங்கள், அதற்கு முன்பு வேண்டாம். "உன் ஊர் ஆட்டத்தை ஆடிக்காட்டு" என்று முதல் நாளே எல்லார் முன்னாலும் நிறுத்தினால் குழந்தை கூசிப்போகும்.

நம் ஏழாங்கல் வடக்கே "பிட்டூ". நம் கில்லி அங்கே "கில்லி தண்டா", வங்காளத்தில் "டாங்குலி". பாண்டி ஆட்டம் பீகாரிலும் வங்காளத்திலும் "கித் கித்". கபடியைச் சொல்லவே வேண்டாம், அது தமிழ்நாட்டின் மாநில விளையாட்டு, பீகார்ப் பிள்ளைகளும் அதில் சளைத்தவர்கள் இல்லை. இவற்றில் ஒன்றை எடுத்துக்கொண்டு, "இன்றைக்கு இவர்கள் ஊர் விதிப்படி ஆடுகிறோம், நடுவர் இவர்" என்று சொல்லுங்கள். நானாக இருந்தால் ஏழாங்கல்லில் தொடங்குவேன். உடைந்த ஓட்டுச் சில்லுகளும் ஒரு ரப்பர் பந்தும் போதும். அடுக்குவது, சரிப்பது, பந்தால் அடிப்பது எல்லாம் கண்ணால் பார்த்தே புரியும். கில்லியைப் பள்ளி நேரத்தில் தவிர்த்துவிடுங்கள். கண்ணில் பட்டால் தீராத வினை. கபடியை முதல் வாரத்தில் வைக்காதீர்கள், பெரிய வகுப்புப் பெண் பிள்ளைகளுக்கு அவர்களாகக் கேட்டால் மட்டும்.

ஆட்டத்தின் விதி தெளிவாகத் தெரியவில்லை என்றால் பெற்றோரிடம் கேளுங்கள். மாலையில் அழைத்துப்போக வரும் அம்மாவிடம், ஐந்து கல்லைக் கையில் எடுத்துக் காட்டினாலே போதும். படிப்பைப் பற்றிக் கேட்டால் தயங்கி நிற்கும் பெண்மணி, ஐந்தாங்கல்லைப் பார்த்ததும் அங்கேயே குந்தி உட்கார்ந்து ஆடிக் காட்டியதை நான் கண்டிருக்கிறேன். அதன் பிறகு அவர் பள்ளி வாசலில் தயங்கி நிற்பதில்லை.

தம்பி தங்கையைத் தூக்கிவரும் பெண் குழந்தைக்கு "அதை விட்டுவிட்டு வா" என்று சொல்லாதீர்கள். விட இடம் இல்லாததால்தான் தூக்கிவருகிறாள். பக்கத்திலேயே அங்கன்வாடி இருந்தால் நீங்களே போய்ப் பேசிச் சேர்த்துவிடுங்கள். அதுவரை சின்னக் குழந்தையையும் வட்டத்தில் உட்கார வையுங்கள்.

மழையும் வெயிலும்

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை இந்தக் கடற்கரை மாவட்டத்தை விடாது. அப்போது வராண்டாதான் மைதானம். சாக்பீஸால் ஆடுபுலிக் கோடு போட்டுக்கொள்ளுங்கள். 3 புலி, 15 ஆடு. வங்காளத்தில் இதைப் போன்றே "பாக்பந்தி" உண்டு, நேபாளத்தின் "பாக்சால்" ஆட்டத்தில் 4 புலி, 20 ஆடு. பல்லாங்குழிக்குக் கட்டை இல்லாவிட்டால் தரையில் 14 வட்டம் வரைந்து புளியங்கொட்டை போதும். எண்ணிக்கை கூடவே வந்துவிடும் என்பதால் தலைமையாசிரியரும் ஆட்சேபிக்க மாட்டார்.

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் வந்த பிறகு, தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சாப்பாட்டுக்கும் பிரார்த்தனைக்கும் நடுவில் ஒரு சிறு நேரம் கிடைக்கிறது. வயிறு நிறைந்த நேரத்தில் ஓட்டம் வேண்டாம். ஐந்தாங்கல், தாயம், ஆடுபுலி ஆகியவற்றுக்கு அது பொருத்தமான நேரம்.

ஏளனம் வரும்போது

வரும். "வடக்கன்" என்றோ, சாதியைச் சொல்லியோ, பேச்சை நக்கலாகத் திருப்பிச் சொல்லியோ வரும். சொன்ன பிள்ளையை எல்லார் முன்னாலும் அடித்தாலும் திட்டினாலும் அந்தக் கோபம் மாலையில் பள்ளிக்கு வெளியே புதிய குழந்தையின் மேல்தான் இறங்கும். ஆட்டத்தை அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். "பெயர் சொல்லிக் கூப்பிட்டால்தான் ஆட்டம் தொடரும்" என்று சொல்லிவிட்டு அமைதியாக நில்லுங்கள். ஆட்டம் நின்றால் மற்றப் பிள்ளைகளே அவனைத் திருத்துவார்கள். பிறகு தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள், தேவைப்பட்டால் பெற்றோரிடமும் பேசுங்கள். பிள்ளைகள் வீட்டில் கேட்டதைத்தான் கொண்டுவருகிறார்கள்.

ஆனால் ஆட்டத்தில் வரும் எல்லாச் சண்டையிலும் நீங்கள் புகுந்துவிடாதீர்கள். கோட்டை மிதித்தாயா இல்லையா என்ற சண்டையைப் பிள்ளைகள் தீர்த்துக்கொள்ளட்டும். புதிய குழந்தை பக்கம் எப்போதும் சாய்ந்து தீர்ப்புச் சொல்லும் ஆசிரியர் அந்தக் குழந்தைக்குப் பகையைத்தான் சம்பாதித்துக்கொடுக்கிறார்.

வேலை செய்கிறதா என்று எப்படித் தெரியும்?

தேர்வு மதிப்பெண்ணில் தெரியாது. மதிய உணவில் யார் பக்கத்தில் தட்டை வைத்துக்கொண்டு உட்காருகிறது என்று பாருங்கள். நீங்கள் மைதானத்தில் இல்லாத நாளில் ஆட்டத்தில் இருந்ததா என்று விசாரியுங்கள். வராத நாளில் "அவள் ஏன் வரவில்லை?" என்று வேறொரு பிள்ளை உங்களிடம் வந்து கேட்டால், அதைவிட நல்ல அறிகுறி எனக்குத் தெரியாது.

அவர்கள் கிளம்பும்போது

இந்தப் பிள்ளைகள் போய்விடுவார்கள், இதற்குத் தயாராக இருங்கள். மழைக்கு முன் சூளை வேலை முடிந்ததும் ஒரே இரவில் குடும்பம் கிளம்பிவிடும். பீகார்க் குடும்பங்கள் சூரியனை வழிபடும் சத் பண்டிகைக்கு ஊருக்குப் போய் வாரக்கணக்கில் தங்கிவிட்டு வருவார்கள். பதிவேட்டில் பெயரை அவசரமாக நீக்கிவிடாதீர்கள். திரும்பி வந்த குழந்தையிடம் "இவ்வளவு நாள் எங்கே போனாய்?" என்று கேள்வி கேட்காமல், உத்தி பிரிக்கும்போது ஜோடி கொடுங்கள்.

சிலர் கடலூரில் இருந்து பாகூருக்கோ வில்லியனூருக்கோ மாறுவார்கள். அதிகத் தூரம் இல்லை, ஆனால் அரசு வேறு, பதிவு வேறு. புதுச்சேரி அரசுப் பள்ளிகள் சிபிஎஸ்இ பாடத்திட்டத்துக்கு மாறிவிட்டதால் புத்தகமும் வேறு. ஆகவே கையோடு கொண்டுபோக ஒரு தாள் எழுதிக்கொடுங்கள்: பெயரை எப்படி உச்சரிப்பது, எந்த மொழிகள் தெரியும், எதுவரை படித்திருக்கிறது, எந்த ஆட்டத்தை விரும்பி ஆடும், எந்த ஆட்டத்தை மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுக்கும். அடுத்த ஆசிரியருக்கு முதல் நாளிலேயே பிடி கிடைத்துவிடும்.

மாற்றுச் சான்றிதழைக் கேட்ட உடனே தலைமையாசிரியர் கொடுக்க வேண்டும் என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு சொல்கிறது. அது வரத் தாமதமானாலும் அதைக் காரணம் காட்டி அடுத்த பள்ளி சேர்க்கையைத் தள்ளிப்போடவோ மறுக்கவோ முடியாது. குடும்பம் கிளம்புகிறது என்று காதில் விழுந்த அன்றே பெற்றோருக்கு இந்த இரண்டையும் அவர்களுக்குப் புரியும் மொழியில் சொல்லிவிடுங்கள். பேசத் தெரியாவிட்டால், மொழி தெரிந்த இன்னொரு குழந்தையின் பெற்றோரை உடன் வைத்துக்கொள்ளுங்கள்.